பழைய பத்திரிகையில் கீழக்கரையைத் தேடுவது

9 பிப்ரவரி 2022 (ஒரு வாசகரின் கேள்வி)

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம் பக்கத்து முஸ்லிம்களின் வரலாற்றை எழுத ஆசை. பழைய சென்னைப் பத்திரிகைகளை மூன்று மாதம் புரட்டினேன். கிடைத்தது இரண்டு கடத்தல் வழக்கும் ஒரு படகு கவிழ்ந்த செய்தியும். பத்திரிகைகளின் கண்ணில் நாம் படவே இல்லை, இனி பெரியவர்கள் சொல்வதை மட்டும் எழுதினால் போதும் என்று முடிவு செய்யலாமா?

9 பிப்ரவரி, இரவு

முடிவு செய்யாதீர்கள் தம்பி. நீங்கள் தேடிய ஊர் தப்பு.

நம் கரைக்குப் பட்டணம் என்றால் அது கொழும்புதான். என் வாப்பா கடைசிவரை சென்னையை ‘மெட்ராசு’ என்பார், கொழும்பைப் பெயர் சொல்லாமல் ‘அங்கிட்டு’ என்பார். வீட்டில் யாரும் எங்கே என்று கேட்டதில்லை. தோணி ஏறினால் இலங்கை. சென்னைக்குப் போவதென்றால் மாட்டுவண்டி, ரயில், ஒரு நீண்ட பயணம்.

சென்னைப் பத்திரிகைகளுக்குப் பாம்பன் எங்கே இருக்கிறது என்று மூன்று முறைதான் தெரிந்தது. 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கியபோது ஒருமுறை. 1914 பிப்ரவரியில் பாலம் திறந்தபோது ஒருமுறை. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போனபோது ஒருமுறை. மற்ற நாளெல்லாம் நாம் இருந்தது கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர்ப் பத்திரிகைகளில். கொழும்பில் 1834-இலேயே ஆங்கில அப்சர்வர் வந்துவிட்டது. 1882-இல் சித்திலெவ்வையின் முஸ்லிம் நேசன். அப்புறம் 1930-இல் வீரகேசரி, 1932-இல் தினகரன். சிங்கப்பூரில் 1845 முதல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், 1887-இல் மகுதூம் சாயபுவின் சிங்கை நேசன், 1935-இல் சாரங்கபாணியின் தமிழ் முரசு. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய தாள்களை இணையத்தில் போட்டிருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம், காசு கிடையாது.

10 பிப்ரவரி

நேற்று அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். எந்தப் பத்திரிகை என்பதை விட என்ன பெயரில் தேடுவது என்பதுதான் பெரிய வேலை.

கீழக்கரையின் ‘ழ’வை ஆங்கிலத்தில் இன்று எழுதுகிற மாதிரி அன்று யாரும் எழுதவில்லை. ஒற்றை எல், இரட்டை எல், கே ஒன்று, கே இரண்டு, கடைசியில் ஐ, ஒய், இரட்டை ஈ. நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பது பதினோரு விதம். எனக்கு ராமநாதபுரத்தில் சின்ன அச்சகம். முப்பது வருடம் ஈய எழுத்துக் கோத்த கை. அச்சுக்கோப்பவன் எந்த இடத்தில் தடுக்குவான் என்று எனக்குத் தெரியும். ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவே ஒரு தமிழ் ஊர்ப் பெயர் வந்தால் கை தானாகவே பக்கத்துக் குழிக்குப் போகும்.

ஊர்ப் பெயர் தொல்லை முடிந்தால் ஆள் பெயர்த் தொல்லை. ஒரே மனிதன் சென்னைப் பத்திரிகையில் லப்பை. கொழும்பில் கோஸ்ட் மூர், அதாவது கரையிலிருந்து வந்த மூர். உள்ளூர் சிலோன் மூரிலிருந்து பிரித்துக் காட்ட. பினாங்கில் சூலியா. சிங்கப்பூரில் கிளிங், இது மரியாதைக் குறைவான சொல். சிங்களவர் வாயில் ஹம்பயா. இலங்கைத் தமிழில் சம்மான்காரர். ஊரில் அவர் மரைக்காயர். வீட்டில் சபராளி, அதாவது பயணம் போனவர். ஒரே மனிதனைத் தேடி நீங்கள் எட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

இன்னொரு பெயரும் உண்டு. கொழும்பு ஆங்கிலத்தில் நம் கடைக்காரர்களுக்கு ‘தம்பி’ என்றே பெயர். ‘வாசலில் ஒரு தம்பி துணி விற்றுக்கொண்டு நின்றான்’ என்கிற மாதிரி. நேற்று உங்களைத் தம்பி என்று கூப்பிட்டது அந்த அர்த்தத்தில் இல்லை.

10 பிப்ரவரி, பிற்பகல்

விட்டுப்போன ஒன்று. 1910-க்கு முந்தைய தாள்களில் ராமநாதபுரம் மாவட்டம் என்று தேடினால் எதுவும் வராது. அப்போது அப்படி ஒரு மாவட்டமே இல்லை. மதுரைச் செய்தியில் பாருங்கள், இல்லையென்றால் ராம்நாடு ஜமீன் என்று பாருங்கள்.

14 பிப்ரவரி

முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்திரிகைக்காரர்களுக்கு நம் கரை மேல் ஆசை வந்தது அதனால்தான். 1905-இல் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். வெறும் மணல்காட்டில் சில வாரத்துக்கு ஒரு நகரமே எழும்பும். கச்சேரி, ஆஸ்பத்திரி, கடைத்தெரு, தபால், போலீஸ் எல்லாம் வரும். அரசு நடத்திய காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளிகாரர்களுக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். அன்றைய ஏலம் ஆயிரம் சிப்பிக்கு எத்தனை ரூபாய்க்குப் போனது என்பது பத்திரிகையில் இன்றைய தங்க விலை போல வரும்.

அதனால் விலை கிடைக்கும், படகுக் கணக்கு கிடைக்கும், அழுகின சிப்பி நாற்றத்தைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் கிடைக்கும். சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவரைப் பற்றி இரண்டு பத்தி கிடைக்கும். அவரை ஒரு வெள்ளைக்காரனும் விட்டதில்லை. குளித்தவன் பெயர் மட்டும் கிடைக்காது. மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவன் பெயரும் கிடைக்காது. கீழே போனவன் உயிர் அவன் கையில் இருக்கும். தங்கள் குடும்பத்துக்குள் மட்டும்தான் கயிறு கொடுப்பார்கள், பெரும்பாலும் மச்சான் கையில். அக்காள் தாலி அறுவதற்கு எந்த மச்சானும் சம்மதிக்க மாட்டான் என்பது கணக்கு. இதைக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பத்திரிகையில் நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டே அந்தப் பார்களை, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளை, லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907-க்குப் பிறகு பார் வறண்டது. சிப்பி இல்லையென்றதும் செய்தியும் இல்லை. அந்த வருடங்களில் நம் குளிகாரர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எந்த நிருபரும் கேட்கவில்லை.

15 பிப்ரவரி

தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர் நன்றாகக் குத்தியிருக்கிறார். குளிகாரர் என்றாலே முஸ்லிம் என்கிற மாதிரி நேற்று எழுதிவிட்டேன். அவர் தாத்தா கிறிஸ்தவர், சங்கு குளித்தவர். மச்சான் கயிறு பிடிக்கிற கதையும் எங்கள் வீட்டுச் சொத்து மட்டும் இல்லையாம், கரை முழுவதற்கும் பொது. தப்புதான். பரதவர், கடையர், கீழக்கரை முஸ்லிம் எல்லாரும் இந்தக் கடலில் இறங்கியவர்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த 1904, 1905 சலாபங்களுக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகளும் குளிக்க வந்தார்கள். ஆகவே ‘மூர் குளிகாரர்’ என்று ஒரு வரி வந்தால் அது நம்மவரா, பஹ்ரைன்காரரா, இலங்கை மூரா என்று அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு மலரில் ‘கீழக்கரை வீரர்களின் சாகசம்’ என்று நான் எழுதிய கட்டுரையில் இந்த வகை வரிகள் மூன்று இருக்கின்றன. அச்சடித்ததும் நான்தான். கையிருப்பில் முப்பது பிரதி இருக்கிறது, யாரும் கேட்காதீர்கள்.

21 பிப்ரவரி

சரி, சொந்தக் கதைக்கு வருகிறேன். பழைய பத்திரிகைப் பைத்தியம் எனக்குப் பிடித்தது இதனால்தான்.

வாப்பாவின் வாப்பாவுக்குக் கண்டிச் சீமையில் துணிக்கடை. கலவரத்தில் கடை எரிந்து, போட்ட சட்டையோடு ஊர் வந்து சேர்ந்தார் என்பது வீட்டில் எல்லாரும் சொல்வது. எந்த ஊர், எந்த வருடம் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. பெரியவாப்பா கம்பளை என்பார். என் பெத்தும்மா, அதாவது கடைக்காரரின் மருமகள், ‘கண்டி’ என்று மட்டும் சொல்வார்.

1915 கலவரமாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். அதன் தொடக்கமே கம்பளைதான். சிங்கள பௌத்தர்களின் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசல் வழியாக மேளம் கொட்டிக்கொண்டு போகலாமா கூடாதா என்று வழக்கு. பள்ளி நம் கரைக்காரர்களுடையது. 1914-இல் மாவட்ட நீதிமன்றம் கோயில் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 1915 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மே 28 இரவு, புத்தர் பிறந்தநாளான வெசாக் சமயம், கண்டியில் பள்ளிவாசல் முன்னால் அடிதடி தொடங்கியது. அடுத்த நாட்களில் கொழும்பு வரை பரவியது. ஜூன் 2-இல் ராணுவச் சட்டம். இவ்வளவும் பத்திரிகையில் நாள்வாரியாக இருக்கிறது. கம்பளை என்றால் எங்கள் கடை நெருப்பின் நடுவில் இருந்திருக்கிறது என்று பெருமைகூடப் பட்டேன், அசட்டுத்தனமாக.

பத்திரிகையில் அவர் பெயரைத் தேடினேன். ‘ஒரு மூர்க்காரன் கடை’, ‘மூர்களின் கடைகள்’, ‘ஒரு தம்பியின் பெட்டிக்கடை’. வரிசையாக எரிகிறது, ஒன்றுக்கும் சொந்தக்காரன் கிடையாது.

22 பிப்ரவரி

அந்த வாரங்களின் தலையங்கங்களையும் வாசகர் கடிதங்களையும் படித்தால் வயிறு எரியும் என்று எச்சரிக்கிறேன். கோஸ்ட் மூர்கள் விலை ஏற்றினார்கள், போர்க்காலத்தில் கொள்ளை லாபம் அடித்தார்கள், கடன் கொடுப்பதில்லை, சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கலவரத்துக்கு அடுத்து சிங்களத் தலைவர்களைச் சிறையில் போட்டதை எதிர்த்து சட்டசபையில் பொன்னம்பலம் இராமநாதன் பேசியது வரலாறு. ராணுவச் சட்டத்தின் பேரில் நடந்த கொடுமைகளை அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சத்தத்தில் எரிந்த கடைக்காரன் காணாமல் போய்விட்டான். இரண்டு பக்கத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டவனுக்குச் சொந்தமாக ஆங்கிலப் பத்திரிகை எதுவும் இல்லை.

நஷ்டஈட்டுக்கென்று தனிச் சட்டம் போட்டு சிங்கள மக்களிடம் வசூலித்தார்கள். அந்தக் காகிதங்களைத் தேட வேண்டும். அது செய்தித்தாள் வேலை இல்லை, ஆவணக்காப்பக வேலை.

2 மார்ச்

பொறுமை போன நாள். ஒரு பெரிய நூலகம், பெயர் வேண்டாம். 1915 தொகுதி வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலை பத்தரையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரைக்கு ‘பைண்டிங்குக்குப் போயிருக்கிறது’ என்றார்கள். எப்போது போனது என்று கேட்டேன். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, ‘ஒன்பது வருஷமாச்சு’ என்றார் அந்த ஊழியர். பாவம், அவரும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பதிலாக 1914 தமிழ்த் தொகுதியைக் கொடுத்தார்கள். ஜூன் மாதத்தில் நான்கு பக்கம் பிளேடால் சுத்தமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. நேர்க்கோடு, பிசிறு இல்லை. தொழில் தெரிந்த கை.

பழைய தமிழ்த் தாள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணினியில் தேடும்போது ஏன் ஒன்றும் சிக்குவதில்லை என்று கேட்கிறீர்களே, காரணம் எழுத்து. 1978-க்கு முன்னால் லை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்ட எழுத்து. றா, னா, ணா வேறு வடிவம். தேதி ‘ராட்சச௵ வைகாசி௴’ என்று இருக்கும். இயந்திரம் அந்தக் குறிகளைப் பார்த்து எதையாவது உளறும். ‘மரைக்காயர்’ என்ற சொல்லில் இருக்கும் ‘ரை’ ஒன்றும் மாறவில்லை, ஆனால் மை கசிந்து ‘மரக்காயர்’ ஆகிவிட்டால் முடிந்தது கதை. தேடுபொறியை நம்பாமல் பக்கம் பக்கமாகக் கண்ணால் பாருங்கள். அச்சகக்காரன் சொல்கிறேன்.

1915-க்குத் தமிழ் வருடம் ராட்சச. பஞ்சாங்கக்காரர் முன்னாலேயே எச்சரித்துவிட்டார் போலிருக்கிறது.

19 மார்ச்

தூக்கம் வரவில்லை. ஒரு விஷயம் பிடிபட்டிருக்கிறது.

பெத்தும்மா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்குவார்: ‘ரஜபு மாசம், பிறை பதினாலு ராத்திரி...’ முடிக்கும்போதும் ஒரே வரி: ‘மிஃராஜ் ராவுக்கு ஊரு வந்து சேர்ந்தாக.’ சிறு வயதில் இதை ‘ஒரு ஊரிலே ஒரு ராஜா’ மாதிரி எடுத்துக்கொண்டேன். இவ்வளவு நாள் அந்த வாக்கியத்தை நான் ஒரு தேதியாகக் கேட்கவே இல்லை.

இன்று கணக்குப் போட்டேன். 1915 மே 15 மாலை பிறை பார்த்திருப்பார்கள். அன்று மாலை முதல் ரஜபு, ஹிஜ்ரி 1333. நமக்கு நாள் மாலையில் தொடங்குகிறது, ஆகவே பதினாலாம் இரவு என்றால் மே 28 மாலைக்குப் பிந்தைய இரவு. கண்டியில் அடிதடி தொடங்கிய அதே இரவு. வெசாக் பௌர்ணமியும் அதுதான். பத்திரிகை ‘28-ஆம் தேதி இரவு’ என்கிறது, எங்கள் பெத்தும்மா ‘பிறை பதினாலு’ என்கிறார். அவருக்கு ஆங்கிலத் தேதி தெரியாது. கொழும்புப் பத்திரிகைக்கு ரஜபு தெரியாது.

மிஃராஜ் ரஜபு 27 இரவு. அது ஜூன் 10 மாலை. பதின்மூன்று நாளில் கண்டியிலிருந்து ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, போன வருடம்தான் திறந்த பாலத்தின் மேல் பாம்பன் தாண்டி மண்டபம், அப்புறம் கீழக்கரை. ராணுவச் சட்டத்தின் நடுவே. சரியாக இருக்கிறது.

இன்னொன்று. 28-ஆம் தேதி இரவு எரிந்தது என்றால் அது கண்டி. பெரியவாப்பா சொன்ன கம்பளை பத்திரிகையில் வழக்குச் செய்தியாக ரொம்ப நாள் ஓடிய பெயர். அவருக்கு அது காதில் விழுந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். அச்சில் அதிகமாக வந்த பெயர் வீட்டுக்குள் வந்து உண்மையான பெயரைத் தள்ளிவிட்டது என்று நினைக்கிறேன். பெரியவாப்பா இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

20 மார்ச்

விடிந்ததும் என் மச்சானுக்கு போன் போட்டு நேற்று எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, ‘பதினாலாம் பிறைன்னா நல்ல வெளிச்சமான ராத்திரின்னு அர்த்தம் காக்கா. பொண்ணு அழகா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவோம்’ என்றான்.

நியாயம். நேற்று எழுதியதில் பாதிக் காற்று இறங்கிவிட்டது. ஆனால் ரஜபு என்பது வெளிச்சத்தைச் சொல்கிற வார்த்தை இல்லையே. மாதம் நிற்கிறது, பிறையை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

20 மார்ச், பிற்பகல்

கஜக்கோல் விஷயமும் சொல்லிவிடுகிறேன், மச்சான் எப்படியும் இங்கே வந்து சொல்லுவான். எங்கள் வீட்டில் ஒரு கஜக்கோல் இருக்கிறது. கருங்காலி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், நடுவில் கால் கஜத்துக்கு ஒரு பித்தளை ஆணி. ஒரு முனை கருகியிருக்கும். கண்டிக் கடையில் எரிந்தபோது தாத்தா பிடுங்கிக்கொண்டு ஓடி வந்த கோல் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். ஒரு பேராசிரியர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். போன வருடம் என் சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு, ‘இதை வைச்சுத்தானேடா அடுப்புல தேங்காமட்டையைத் தள்ளுவோம்’ என்றார்.

பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

5 ஏப்ரல்

நோன்பு தொடங்கிவிட்டது, இனி இரவில் தராவீஹ் தொழுகை முடிந்துதான் எழுத முடியும்.

பரமக்குடி நண்பர் கேட்டது: கல்கத்தா பத்திரிகைகளில் நமக்கு என்ன வேலை? சங்கு. வங்காளத்துச் சுமங்கலிகள் கையில் போடும் சங்கு வளையல் டாக்காவில் அறுபட்டது. சங்கு போனது இந்தக் கடலிலிருந்து. கீழக்கரை வியாபாரிகளுக்குக் கல்கத்தாவில் கிட்டங்கி, அதாவது சரக்கு வைக்கும் இடம், இருந்தது. ராமநாதபுரம் கடலில் சங்கு குளிக்கும் உரிமை சமஸ்தானத்துடையது, அதைக் குத்தகைக்கு விடுவார்கள். ஆகவே குத்தகை அறிவிப்பு ஒரு பத்திரிகையில், சங்கு வரவு இன்னொன்றில், வளையல் சந்தை நிலவரம் மூன்றாவதில். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு வியாபாரி தெரிவார். செய்திப் பக்கத்தைத் தாண்டி விளம்பரம், ஏலம், கப்பல் வரவு இந்தப் பக்கங்களைப் பாருங்கள். செய்திப் பக்கத்தில் நாம் குற்றவாளியாகவோ பிணமாகவோதான் வருவோம். வியாபாரப் பக்கத்தில் உயிரோடு நடமாடுகிறோம்.

மலாய்ப் பத்திரிகையையும் விடாதீர்கள். மலாய் மொழியின் முதல் செய்தித்தாள் ஜாவி பெரானாக்கான், 1876-இல் சிங்கப்பூரில் வந்தது. நடத்தியவர்கள் ஜாவி பெரானாக்கான் சமூகத்தார்தான், தமிழ் முஸ்லிம் தகப்பனுக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த வழியில் வந்தவர்கள். நம் ஆட்கள் சபர் போன இடத்தில் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் பாருங்கள்! ஊரில் இருந்த பெண்சாதிகளுக்கு அது தெரிந்திருந்ததா என்பது தனி இழைக்கு உரிய விஷயம்.

9 ஏப்ரல்

முதல் நாள் ‘சென்னைப் பத்திரிகைக்குப் பாம்பன் மூன்று முறைதான் தெரிந்தது’ என்று எழுதினேன். வாய்க்கொழுப்பு. மண்டபம் முகாம் இருக்கிறதே. இலங்கைத் தோட்டத்துக்குப் போகும் கூலிகளைத் தடுத்து நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய இடம். அதைப் பற்றி சென்னைத் தாள்கள் எழுதியிருக்கின்றன. சங்குக் குத்தகையும் அங்கே வரும். வாக்கியத்தை வெட்டிவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும். கோபத்தில் எழுதியது கோபத்தில் எழுதிய மாதிரியே கிடக்கட்டும்.

1914 பற்றியும் ஒரு திருத்தம். ரயிலும் கப்பலும் இணைந்த பிறகு நமக்கு வசதி என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம். தேடுகிறவனுக்கு அது நஷ்டம். அதற்கு முன்னால் தோணி தனித்தனியாக ஏதாவது ஒரு துறைமுகத்தில் வந்து சேரும். எந்த ஊர், என்ன சரக்கு, தண்டல், அதாவது தோணித் தலைவன், யார் என்று ஒரு பதிவுக்கு வாய்ப்பு இருந்தது. போட் மெயில் ரயிலில் மூன்றாம் வகுப்பில் போனவன் பெயரை யார் எழுதினான்?

24 ஏப்ரல்

பெரியவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: நம் சமூகம் படித்த சமூகமாயிற்றே, ஏன் பத்திரிகையில் தங்களைப் பற்றித் தாங்களே எழுதவில்லை?

எழுதினார்கள், வேறு எழுத்தில். அரபுத் தமிழ். தமிழைத்தான் அரபு எழுத்தில். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 1898-இல் வபாத் ஆனார், அவர் காலத்தில் இந்தக் கரையிலும் இலங்கையிலும் பெண்கள் உட்பட எத்தனையோ பேர் அதைத்தான் வாசித்தார்கள். தமிழ் எழுத்துத் தெரியாத என் பெத்தும்மா அரபுத் தமிழில் கடிதம் எழுதுவார். அரசாங்கக் கணக்கில் அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

நகரத்துப் பத்திரிகை அந்தக் கடிதத்தைப் படித்திருக்க முடியாது. இன்று நானும் படிக்க முடியாது. அரபு எழுத்து தெரியும், ஓதத் தெரியும், ஆனால் ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் அவர்கள் போட்ட புள்ளிகளில் வழுக்கி விழுகிறேன்.

15 மே

பெருநாள் முடிந்து வீட்டைத் துடைத்தபோது மச்சான் வீட்டுப் பரணில் ஒரு நீளக் கணக்கு நோட்டு கிடைத்தது. சிவப்புத் துணி அட்டை, ஓரத்தில் கரையான். அரபுத் தமிழ். மச்சான் போட்டோ எடுத்து அனுப்பியதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, இரண்டு கல்யாணப் பத்திரிகை புரூஃப் அப்படியே கிடக்கிறது.

தெருவில் ஒரு வயதான ஆலிமிடம் கொண்டு போனேன். பூதக்கண்ணாடியை வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். துணிக்கடைக் கணக்குதான். சீத்தை இத்தனை கஜம், மல் இத்தனை கஜம். பாதிக்கு மேல் கடன் கணக்கு. பெயர்கள் எல்லாம் அப்புஹாமி, பண்டா, மெனிக்கே. ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூபாய், சதம். சிலதுக்குக் கோடு போட்டு அடித்திருக்கிறது, கொடுத்துவிட்டார்கள் போல. நிறைய அடிக்கப்படவில்லை.

‘கோஸ்ட் மூர் கடன் கொடுப்பதில்லை’ என்று 1915-இல் கொழும்புத் தாளுக்கு எழுதியவர் இந்தக் கடைக்கு வந்திருக்க மாட்டார். ஒரே ஒரு கடைதான், ஒரே ஒரு நோட்டுதான், இதை வைத்து ஒரு சமூகத்துக்கே வக்காலத்து வாங்க முடியாது. இருந்தாலும் மூன்று நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

17 மே

எல்லாரும் கேட்கிற கேள்விக்குப் பதில். நோட்டில் தேதி இருக்கிறது. கடைசியாக எழுதிய பக்கத்தில் ‘ரஜபு பிறை 12, வியாழன்’. அதற்கு அடுத்து எட்டுத் தாள் வெறுமை.

1333-இல் ரஜபு பிறை 12 மே 27, வியாழக்கிழமை. மறுநாள் ஜும்மா. அன்று இரவுதான் கண்டி.

மச்சான் வீட்டில் இதைச் சொன்னபோது சின்னம்மா அழுதுவிட்டார். ஆலிம் மட்டும் பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டே, ‘வருஷம் எங்கே எழுதியிருக்கு?’ என்று கேட்டார்.

எழுதவில்லை. அட்டையில் இல்லை, முதல் பக்கத்தில் இல்லை, ஓரத்திலும் இல்லை. ரஜபு பிறை 12 வியாழனில் விழுவது ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். தாத்தாவுக்கு அது எந்த வருடம் என்று தெரிந்திருந்தது, எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நோட்டில் மொத்தம் நாற்பத்தொரு பெயர். இன்று முதல் பத்தைத் தமிழில் எழுதி முடித்திருக்கிறேன். பைண்டிங்குக்குப் போன 1915 தொகுதி திரும்பி வந்ததா என்று நாளைக்கு அந்த நூலகத்துக்கு ஒரு போன் போட வேண்டும்.